நாலு கையும் அவள் கையல்ல

அந்த ஓவியர் மேடையில் அழுததை நான் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். விருதுநகரில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்து அவருக்குப் பாராட்டு விழா நடத்தினார்கள். பொன்னாடையும் ஏலக்காய் மாலையும் விழுந்து முடித்த பிறகு அவர் மைக்கைப் பிடித்தார். "ஒரு பெண்ணின் முகம்தான் என்னை ஓவியனாக்கியது. அவள் தன்னையே கலைக்குக் கொடுத்தவள்" என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். மண்டபம் கைதட்டியது. எனக்கு முன்னால் இருந்த கல்லூரிப் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

அந்தப் பெண் என் அக்கா. அவள் கலைக்கு எதையும் கொடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபேனுக்கு அடியில் சும்மா உட்காரக் கிடைக்கிறதே என்று போனவள்.

அவள் அப்படிப் போனது இரண்டாயிரத்து நாலு, ஐந்து வாக்கில். நாங்கள் திருத்தங்கலில் இருந்தோம். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தைப் பார்த்து ஒரு காலண்டர் கம்பெனியில் என்னைப் பிழை திருத்துபவனாகச் சேர்த்துக்கொண்டார்கள். தினசரித் தாளில் ராகு காலமும் எமகண்டமும் அதனதன் கட்டத்தில் விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் வேலை. நான் அதையும் ஒரு தமிழ்ப்பணியாகவே செய்துகொண்டிருந்தேன். அக்கா பட்டாசுக் கம்பெனியில் கம்பி மத்தாப்புப் பிரிவில் இருந்தாள். காலையில் வேன் வரும். சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏறிப் போவாள். சாயங்காலம் இறங்கி வரும்போது இரண்டு கையும் மணிக்கட்டு வரைக்கும் வெள்ளிப்பாத்திரம் மாதிரி மினுங்கும். அலுமினியப் பவுடர். எவ்வளவு தேய்த்தாலும் நகக்கண்ணில் இருப்பது மட்டும் போகாது.

ஓவியர் எங்கள் தெருக்கோடியில் மாடிவீட்டில் இருந்தார். எங்கள் கம்பெனிக்கும் வேறு சில கம்பெனிகளுக்கும் சாமி படம் வரைந்து கொடுப்பார். வேனுக்குக் காத்து நிற்கும் அக்காவை மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். அவருடைய வீட்டுக்கார அம்மா இறங்கி வந்து எங்கள் அம்மாவிடம் கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு உங்க பிள்ளைய வச்சு மகாலட்சுமி வரையணும்ங்காரு. நான் கூடவே இருப்பேன். கதவு தொறந்தேதான் கெடக்கும்."

"அவ கருப்பால்ல இருக்கா" என்றாள் அம்மா.

"கலரு அவரு போட்டுக்கிருவாரு."

போட்டுக்கொண்டார். அக்காவின் முகத்தை எடுத்து அதன்மேல் ரோஸ் பவுடர் பூசிய மாதிரி ஒரு நிறத்தை ஏற்றினார். எனக்கு அப்போது அவர்மேல் மரியாதை இருந்தது. விருதுநகர் நூலகத்தில் ஓவியக்கலை பற்றி இருந்த ஒரே புத்தகத்தை எடுத்துப் படித்து, குறிப்பெடுத்து, அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்டேன். "புத்தகத்துல என்ன இருக்கு தம்பி, எல்லாம் இங்கன இருக்கு" என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். இதைவிட மோசமான பதிலை அதற்குப் பிறகும் பல பெரிய மனிதர்கள் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இவர்தான் முதல் ஆள்.

அக்கா ஞாயிறுதோறும் போனாள். முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "கைய மட்டும் பின்னால வச்சுக்கோம்மா. பார்வை அங்கன போகுது." அன்றிலிருந்து அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி. மகாலட்சுமிக்கு நாலு கை வேண்டுமே, அதற்கு என்ன செய்தார் என்று கேட்கலாம். வீட்டுக்கார அம்மாவின் கையை வரைந்தார். சதைப்பிடிப்பாக, வளையல் புதைந்த கை. அந்த அம்மாவுக்கு அதில் பெருமை.

"மூஞ்சி உங்க அக்காளோடது, கை என்னோடது தம்பி. சேந்துதான் லட்சுமி" என்பார், சட்டி கழுவிக்கொண்டே.

படம் வரைவதற்கு முன்னால் அவர் பென்சிலில் நிறைய மாதிரி போட்டுப் பார்ப்பார். அவற்றை 'ஸ்டடி' என்று சொல்லுவார். காது மட்டும், மோவாய் மட்டும், கண் மூடியிருக்கும்போது, ஜன்னல் பக்கம் திரும்பும்போது. சுவரெல்லாம் அக்காவின் துண்டுகள் ஒட்டியிருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஒரு சபையும் கூடும். அந்தப் பேராசிரியர் வருவார், ஒரு ஜவுளிக்கடைக்காரர் வருவார். அக்கா அங்கேயே உட்கார்ந்திருக்க, ஏதோ சந்தையில் மாட்டைப் பார்ப்பது போல அவளைச் சுற்றி நின்று பேசுவார்கள். பேராசிரியர் ஒரு நாள், "இது குப்தர் காலத்து மூக்கு" என்றாராம்.

அக்கா வீட்டுக்கு வந்து கேட்டாள்: "ஏலே, குப்தருங்கது யாருலே? அந்த ஆளுக்கும் மூக்கு சப்பையா?"

அவள் இடது புருவத்தில் நடுவே ஒரு வெட்டு உண்டு. பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தித் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பிய வருஷம் குச்சி பற்றிக்கொண்டதில் வந்த தழும்பு. அங்கே முடி முளைக்கவே இல்லை. ஓவியர் அந்த வெட்டை மட்டும் எந்தப் படத்திலும் விடவில்லை. நிறத்தை மாற்றினார், கையை மாற்றினார், கழுத்தில் காசுமாலை ஏற்றினார். புருவத்தின் வெட்டு அப்படியே இருந்தது. ஆடிப் பதினெட்டுக்கு எங்கள் கம்பெனி அடுத்த வருஷத்துக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பத்தை ஏஜெண்டுகளுக்குக் காட்டியபோது முதலாளிகூடக் கேட்டார், "அம்பாளுக்கு என்னய்யா புருவத்துல கோடு?" என்று. ஓவியர் சிரித்தார்.

"குறை இருக்கிற எடத்துலதான் முதலாளி தெய்வம் எறங்கும். அது என்னோட முத்திரை."

தீப்பெட்டி ஆபீஸின் முத்திரையை இவர் தன்னுடையது என்றார். ஏஜெண்டுகள் எல்லாரும் அந்த லட்சுமிக்கே ஆர்டர் கொடுத்தார்கள். அந்த சீசனில் மாவட்டம் முழுக்க எந்த மளிகைக்கடைக்குப் போனாலும் என் அக்கா பணத்தைக் கொட்டிக்கொண்டு நின்றாள்.

அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க ஆரம்பித்துக் கொஞ்ச காலம் ஆகியிருந்தது. வந்தவர்கள் எல்லாம் காபியைக் குடித்துவிட்டு, கருப்பு என்றார்கள். ஒரு வீட்டில் கையைப் பார்த்து, "இது ஏதும் தோல் வியாதியா?" என்று கேட்டார்கள். அந்தக் காலண்டரின் வருஷமும் முடிந்த பிறகுதான் மல்லாங்கிணற்றிலிருந்து ஒரு இடம் வந்தது. பையன் லோடு வேன் ஓட்டுகிறவர். எங்கள் கம்பெனிக்கு அட்டை இறக்க வருவார். அக்காவை வேன் நிற்கும் இடத்தில் பார்த்திருக்கிறார், பேசியும் இருக்கிறார் என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் என்னிடம் நேராகவே சொன்னாள்.

"லே, இந்த எடம் தட்டிப் போச்சுன்னா நான் இனி எவன் முன்னாலயும் காபித் தட்டத் தூக்கிட்டு வந்து நிக்க மாட்டேன். அம்மாகிட்டயும் சொல்லிரு."

அவள் சும்மா சொல்லுகிறவள் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

மறுநாள் வந்தார்கள். அக்கா தட்டோடு வந்து நின்றதும் பையனின் அம்மா டம்ளரை எடுக்கக் கை நீட்டியவர், நீட்டியபடியே இருந்துவிட்டார். அக்காவின் முகத்தையே பார்த்தார். பிறகு எழுந்து நின்றார். பெண் பார்க்க வந்த மாமியார் எழுந்து நிற்பதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். காபி குடிக்கவில்லை. "போயிட்டுச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிவிட்டார்கள்.

இரண்டு நாள் கழித்துத் தரகர் வந்தார். உட்காராமலே சொன்னார்.

"அந்தம்மாவுக்குப் பிள்ளையப் பிடிக்காம இல்ல. பிரச்சினை வேற. அவுக வீட்டுச் சாமி மாடத்துல இருக்க லட்சுமி மூஞ்சியும் உங்க பிள்ளை மூஞ்சியும் ஒண்ணா இருக்காம். புருவத்துல வெட்டுகூட இருக்காம்."

விஷயம் இதுதான். எங்கள் பக்கம் காலண்டரின் வருஷம் முடிந்தால் தேதிக் கட்டைப் பிய்த்துப் போட்டுவிட்டு, அடியில் இருக்கும் கடையின் பெயரைக் கத்தரித்து, சாமி படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டிவிடுவார்கள். காரியாபட்டியில் ஏதோ மளிகைக்கடை கொடுத்த காலண்டரை அந்த அம்மாவும் அப்படிச் செய்திருக்கிறார். தினமும் அதற்குச் சூடம் காட்டியிருக்கிறார். மழைக்கு வேண்டியிருக்கிறார். மகனுக்கு நல்ல பெண் கிடைக்க வேண்டியிருக்கிறார்.

"வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம விழுந்து கும்பிட்ட மூஞ்சிய எப்படி சாணி தெளிக்கச் சொல்றதுங்காக" என்றார் தரகர். "நாளைக்கு ஒரு சண்டை சத்தம்னா வாய் வருமா? அது பாவமில்லையா?"

முன்னால் வந்தவர்கள் கருப்பு என்றார்கள். இவர்கள் சாமி என்றார்கள். இரண்டுக்கும் அர்த்தம் ஒன்றுதான்: பெண் வேண்டாம். பையன் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். "அம்மா சரின்னா சரிங்காப்ல" என்றார் தரகர். வேனில் அத்தனை அட்டையை ஏற்றி இறக்கிய முதுகு, வீட்டுக்குள் போனதும் வளைந்துவிட்டது போலிருக்கிறது.

நான் நேரே ஓவியரிடம் போனேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, அக்கா போகவில்லை. பேராசிரியரும் ஜவுளிக்கடைக்காரரும் இருந்தார்கள். நடந்ததைச் சொன்னேன். ஓவியரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. நான் சொல்லி முடித்ததும் அவர் தொடையில் தட்டினார்.

"தம்பி, இன்னொரு தடவ சொல்லு. அந்தம்மா எந்திரிச்சு நின்னுச்சா? இவுக கேக்கட்டும், சொல்லு."

"இதைவிட ஒரு கலைஞனுக்கு என்ன விருது வேணும்" என்றார் பேராசிரியர்.

"காபியக்கூடக் குடிக்கலையாம்ல" என்று ஜவுளிக்கடைக்காரர் பூரித்தார்.

என் அக்காவின் கல்யாணம் நின்றுபோனதற்கு மூன்று பெரிய மனிதர்கள் ஒருவருக்கொருவர் கைகொடுத்துக்கொண்டார்கள். நான் காத்திருந்து, மெதுவாகக் கேட்டேன். அவர் ஒரு நடை மல்லாங்கிணறு வந்து, அந்தப் படம் யாரையும் பார்த்து வரைந்ததில்லை, கற்பனை என்று சொன்னால் போதும்.

அவர் முகம் கடுகடுத்தது. "பொய் சொல்லச் சொல்றியா? கலைஞன் பொய் சொல்லக் கூடாது தம்பி."

கருப்பை ரோஸாக்கியவர். பெண்டாட்டியின் கையை அக்காவின் தோளில் நாலாக ஒட்டியவர். தழும்பைத் தன் முத்திரை என்றவர். அவருக்கு அன்றைக்கு உண்மை பேச வேண்டியிருந்தது.

"அதோட ஒருத்தங்க பக்தியக் கலைக்கிறது பாவம்" என்று பேராசிரியர் முடித்துவைத்தார்.

எழுந்து வரும்போதுதான் கதவுக்குப் பின்னால் ஒட்டியிருந்த அந்த ஸ்டடியைப் பார்த்தேன். மற்றவையெல்லாம் சபையின் கண்ணில் படுகிற மாதிரி இருந்தன. இது மறைவில் இருந்தது. ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிப்போயிருக்கிறாள். சீசன் சமயமாக இருக்கும், ஓவர்டைம் பார்த்துவிட்டு வந்திருப்பாள். தலை ஒரு பக்கம் சாய்ந்து, வாய் திறந்து, கடைவாயில் எச்சில்கூட இறங்கியிருந்தது. தூக்கத்தில் கைகள் முன்னால் வந்து மடியில் மல்லாந்து கிடந்தன. விரல்களில் பட்டாசு மருந்துக் கறையைப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து அப்படியே கொண்டுவந்திருந்தார். அவருக்குப் படம் போடவே வராது என்று நான் சொன்னால் அது பொய். அந்த ஒரு தாள் அதைப் பொய்யாக்கிவிடும். கை ஓடுகிறபோது அவர் புத்தி கொஞ்ச நேரம் வேறெங்கோ போயிருந்திருக்க வேண்டும்.

அதைக் கொடுங்கள் என்று கேட்டேன்.

"அது கழிவு. வெளிய போகக் கூடாது. பாக்குறவன் என்ன நெனப்பான்?"

கீழே இறங்கி வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் வீட்டுக்கார அம்மா கூப்பிட்டார். மேலே காபி கொடுக்கப் போனவர் வரும்போதே அந்தத் தாளைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தார். செய்தித்தாளில் சுருட்டிக் கையில் திணித்தார்.

"கொண்டு போய்யா. இதுல என் கை இல்லையேன்னு எனக்கே கோவம். அந்தாளு கேட்டா பல்லி தின்னுருச்சுன்னு சொல்லிக்கிறேன்."

அடுத்த பஸ்ஸில் மல்லாங்கிணறு போனேன். அக்காவிடம் சொல்லவில்லை. பையனின் அம்மா என்னை உள்ளே கூப்பிட்டுப் பாயைப் போட்டார். மரியாதையில் குறைவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சாமியின் தம்பிக்குக் கிடைக்கிற மரியாதை. மாடத்தில் கண்ணாடிக்குள் அக்கா ரோஸ் நிறத்தில் நின்றாள். நெற்றியில் குங்குமம், காலடியில் சூடம் எரிந்த கரி.

நான் பஸ்ஸில் ஒரு பேச்சைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். மனிதர்களின் முகத்தைப் பார்த்துத்தான் உலகத்தில் எல்லா தெய்வங்களையும் வரைந்திருக்கிறார்கள் என்று, நூலகப் புத்தகத்திலிருந்து எடுத்த உதாரணங்களோடு. ஆரம்பித்தேன். அந்த அம்மா பொறுமையாகத் தலையாட்டினார். எதிர்வீட்டில் கதாகாலட்சேபம் கேட்கிற முகம். நடுவில் நிறுத்திவிட்டுத் தாளை விரித்துக் காட்டினேன்.

அவர் வெளிச்சத்துக்கு நகர்ந்து பார்த்தார். கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதும் அந்தப் பிள்ளையா?"

"ஆமாம்மா. அவளேதான்."

"வாயப் பாரேன். ஈ போய்ட்டு வரும் போலருக்கே." அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. "எச்சி வேற வடியுது. ஏய்யா, இப்படித்தான் தூங்குமா வீட்லயும்?"

"குறட்டையும் விடுவா."

"அம்புட்டுதானா." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மகனைக் கூப்பிட்டார். "ஏலே, இங்கன வா. ஒனக்குப் பாத்த மகாலட்சுமியப் பாரு." பையன் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என் முகத்தையும் பார்த்துவிட்டு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றார். அந்த அம்மா மாடத்தை ஒரு தடவை பார்த்தார், தாளை ஒரு தடவை பார்த்தார். பிறகு என்னிடம் பெரிய பாரம் இறங்கின குரலில் சொன்னார்:

"இந்தப் பிள்ளையத் தாராளமா ஏசலாம்யா."

என் உதாரணங்கள் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு பெண்ணை வீட்டுக்குள் ஏற்றுக்கொள்ள அவர்களுக்கு வேண்டியிருந்த ஒரே தகுதி, அவளை ஏச முடியுமா என்பது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் கசக்கிறது. ஆனால் கல்யாணம் நடந்தது. அக்காவிடம் நடந்ததைச் சொன்னபோது முதலில் என்னை அடிக்க வந்தாள். "நான் தூங்குறத எதுக்குலே ஊரு பூரா காட்டுத?" பிறகு, "அவுக என்ன சொன்னாக?" என்று கேட்டாள். நான் 'அவுக' என்பது யார் என்று கேட்கவில்லை.

ஓவியர் கல்யாணத்துக்கு வந்தார். பரிசாகப் பெரிய சட்டம் போட்ட மகாலட்சுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதே முகம், அதே வெட்டு. மணமேடையில் அக்காவும் அவளும் பக்கத்தில் பக்கத்தில் நின்று போட்டோ பிடிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். மாமியார் அதை வாங்கி, திருப்பி, சுவரைப் பார்க்க வைத்துவிட்டார். வீட்டு மாடத்திலிருந்த லட்சுமியும் கல்யாணத்துக்கு முன்னாலேயே ஊர்க்கோயில் மரத்தடிக்குப் போய்விட்டாள். அந்த இடத்தில் முருகனை மாட்டினார்கள். அதுவும் எங்கள் கம்பெனி அச்சடித்ததுதான். நல்லவேளையாக வேறு ஆள் வரைந்தது.

அக்காவுக்குப் பிறகு ஓவியருக்கு முகம் கிடைக்கவில்லை. பழைய ஸ்டடிகளை வைத்தே ஓட்டினார். அந்தச் சமயத்தில்தான் பாராட்டு விழா நடந்தது. அதை அடுத்து மதுரையில் கண்காட்சி வைக்க ஏற்பாடு. வெளியூரிலிருந்து வந்த யாரோ ஒருவர் சுவரில் இருந்ததையெல்லாம் பார்த்துவிட்டு, சாமி படங்களை விடுங்கள், இந்த மாதிரி பென்சில் வேலைதான் கலை என்று சொல்லிவிட்டார் போலிருக்கிறது. கழிவுக்கு மதிப்பு வந்தது. அந்தத் தூங்குகிற படம் ஓவியருக்கு ஞாபகம் வந்தது. பல்லி தின்ற கதையை அவர் நம்பவில்லை. என்னைக் கேட்டார், தாளை அன்றைக்கே மல்லாங்கிணற்றில் கொடுத்துவிட்டு வந்ததைச் சொன்னேன். விழா முடிந்த வாரம் காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு மல்லாங்கிணறு கிளம்பினார். வழியெல்லாம் அவளுடைய கண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார்.

அக்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். மாமியார் வரவேற்றார்.

"வாங்க, உக்காருங்க. ஏட்டி, காது கேக்கலையா? மோரு கொண்டாடி. எம்புட்டு நேரம்டீ மாட்டுகிட்ட நின்னு பேசிட்டிருப்ப?"

ஓவியர் கன்னத்தில் அறை வாங்கியவர் மாதிரி என்னைப் பார்த்தார். அக்கா உள்ளேயிருந்து, "மாடாச்சும் நான் சொல்றதக் கேக்குது" என்று சத்தம் கொடுத்துக்கொண்டே மோரோடு வந்தாள். இரண்டு கையாலும் டம்ளரை நீட்டினாள். நகக்கண்ணில் வெள்ளி இன்னும் இருந்தது, கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வேலையை விடவில்லை. அவர் அந்தக் கையைப் பார்க்காமல் டம்ளரை மட்டும் பார்த்து வாங்கினார்.

தாள் அடுப்படிச் சுவரில், உப்பு ஜாடிக்கு மேலே ஒட்டியிருந்தது. ஓரத்தில் மஞ்சள் விரல் பட்ட கறை. ஓவியர் எழுந்துபோய் அதன் முன்னால் நின்றார். இந்தத் தடவை உண்மையாகவே கண் கலங்கியதா என்று எனக்குத் தெரியாது. திரும்பி, அது ஒரு பெரிய படைப்பு என்றும், மதுரையில் ஆயிரம் பேர் பார்க்கப் போகிறார்கள் என்றும் சொன்னார்.

மாமியார் முழுவதையும் கேட்டார்.

"இது எங்க வீட்டுப் பிள்ளை தூங்குறது. நாங்க பாப்போம், சிரிப்போம். மதுரைக்காரன் எதுக்குப் பாக்கணும்?"

ஓவியர் அக்காவைப் பார்த்தார். தன்னையே கலைக்குக் கொடுத்தவள் அவருக்காகப் பேசுவாள் என்று நினைத்திருப்பார். அக்கா காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அத்தை சொல்றதுதான் சார்" என்றாள். "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தவா?"

கண்காட்சிக்கு நான் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. நடு அறையில் பெரிய சட்டத்துக்குள் அந்தப் படம் இருந்தது. நினைவிலிருந்து மறுபடி போட்டிருக்கிறார். 'துயில்' என்று பெயர் வைத்திருந்தார். தலை அதே சாய்வு. மடியில் கிடந்த கைகள் சதைப்பிடிப்பாக, வளையல் புதைந்து, ஒரு தாமரை மொட்டைப் பிடித்திருந்தன. பேராசிரியர் அதன் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தார். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஓவியர் அவள் வாயை மூடிவிட்டிருந்தார்.